மேஜர் வொந்திராதின் நாலாவது வாழ்க்கைக் குறிப்பு

மேஜர் வொந்திராத் தன்னுடைய திவசத்துக்கு என்னை அழைக்க வந்தபோது நான் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வயது எண்பத்துநாலு. கையில் தடி, தலையில் பட்டாளத்துத் தொப்பி, முகத்தில் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவரின் களை.

எங்கள் அடிஸ் அபாபாவில் இது கேள்விப்படாத விஷயம் இல்லை. பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளை இருந்தும் நம்பிக்கை இல்லாதவர்களும் தங்கள் நினைவு விருந்தைத் தாங்கள் உயிரோடு இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். நின்ற திவசம் என்று அதற்குப் பேர். ஆனால் மேஜருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் தங்கம். கிழவருக்குத் தன் திவசச் சோற்றைத் தானே ருசி பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"சோறு கிடக்கட்டும் யெஷி. நீ எனக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரணும். அதை நான் உக்காந்து காதால கேக்கணும்."

"உங்களுக்கு நான் ஏற்கெனவே மூணு எழுதியிருக்கேனே, காஷே."

"மூணும் பொய். நாலாவதா ஒண்ணு எழுது."

காஷே என்றால் அண்ணன் மாதிரி. அறுபது வருஷமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் முழுப் பெயர் யெஷிமெபெத். அதைச் சொல்லிக் கூப்பிட்ட என் கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. எங்கள் தெருவின் சாவுச் சங்கத்துக்கு நான்தான் எழுத்தர். சங்கத்தில் யார் இறந்தாலும், குழியில் மண் விழுவதற்கு முன் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நின்று வாசிப்பது என் வேலை. இருநூற்றுப் பதினேழு பேரை வாசித்து அனுப்பியிருக்கிறேன். குடிகாரனை "கலகலப்பானவர்" என்றும், கஞ்சனை "சிக்கனமானவர்" என்றும் வாசித்திருக்கிறேன். பொய் எழுதுவதில் எனக்குக் கை பழகியிருந்தது. மெய் எழுது என்று ஒருவர் வந்து நின்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து இது என்ன புதுப் பழக்கம்?

ஆனால் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல்தான் கேட்கிறார். அந்தச் சொல்லை முதல் தடவை அடிக்காமல் விட்டவளே நான்தான்.

பேரரசர் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. ராணுவப் பதிவேட்டு அறையில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் தலைக்கு மேலே சுவரில் பேரரசர் படம். அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்ல வேண்டும், நான் அடிக்க வேண்டும். பிறந்த ஊர், தகப்பன் பேர், தகப்பன் அரச குடும்பத்துக்குச் செய்த சேவை. உயரமான ஒரு சிப்பாய் வந்து நின்றான். பேர் வொந்திராத் என்றான். ஆண்பிள்ளைகள் நடுங்கட்டும் என்று அர்த்தம். அவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"தகப்பன் பேர்?"

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எச்சில் விழுங்கிவிட்டு, "பலம்பராஸ் ஷிபெஷி" என்றான்.

பலம்பராஸ் என்பது பழைய பட்டம், கோட்டைத் தலைவன் என்று பொருள். இந்தப் பலம்பராஸுக்குக் கோட்டை கிடையாது. குதிரை ஒன்று இருந்தது, அதற்கும் ஒரு கண்தான். போதாக்குறைக்கு அவர் தகப்பனும் இல்லை, தாய்மாமன். அவருடைய தங்கை, ஊருக்குப் பார்லி கொண்டுவந்த ஒரு கழுதைக்காரரோடு ஒருநாள் எந்தோத்தோ மலையைத் தாண்டிச் சுலுல்தாவுக்குப் போய்விட்டாள். அந்தக் கழுதைக்காரர் குர்மு. அவர்களுக்குப் பிறந்தவர்தான் நம் மேஜர்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. கோவேறு கழுதையைப் பார்த்து உன் அப்பன் யார் என்று கேட்டால், என் தாய் குதிரை என்று சொல்லுமாம். இதை மேஜரே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. கழுதைக்காரர் குர்முவின் மகன் என்று எழுதியிருந்தால் பயிற்சிப் பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

மாமன் பேரைப் போடச் சொன்னதே குர்முதான். மகன் மாட்டேன் என்றிருக்கிறான். அப்போது அவர் சொன்னதை மேஜர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், சொல் பிசகாமல்.

"பேருங்கிறது மூட்டைடா. மேட்டுல ஒரு கழுதைக்கு முடியலைன்னா இன்னொண்ணு முதுகுல மாத்தி ஏத்தறோம் இல்ல? அது மாதிரிதான். ஏத்தம் முடியட்டும். இறக்கத்துல திரும்ப மாத்திக்கலாம்."

பலம்பராஸ் ஒற்றைக்கண் குதிரையில் வந்து இறங்கி, தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கழுதைக்காரரை ஏறெடுத்தும் பார்க்காதவர், தங்கை மகன் அதிகாரியாவதை மட்டும் விடவில்லை.

எங்கள் நாட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் "அபேத்" என்று உடனே பதில் வரவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை இது. பட்டாளத்தில் கேட்கவே வேண்டாம், பேர் காற்றில் இருக்கும்போதே பதில் வந்துவிட வேண்டும். "வொந்திராத்" என்றால் இவருக்கு வாய் திறக்கும். "வொந்திராத் ஷிபெஷி" என்று சேர்த்துக் கூப்பிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் அந்தப் பேரில் வேறு யாரோ நிற்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் "அபேத்" என்பார். தினமும் காலையில் வரிசையில் இதே கதை. அதற்காக மைதானத்தைப் பத்து சுற்று ஓடுவார். அந்த ஓட்டத்தில்தான் இந்த வயதிலும் கால் இரும்பாக இருக்கிறது என்பது அவர் மனைவி தெவாபெச்சின் கட்சி.

பயிற்சி முடிந்ததும் யாருக்கு என்ன பிரிவு என்று பிரித்தார்கள். இவருடைய கேப்டன், கோவேறு கழுதைமேல் சுமை ஏற்றத் தெரிந்தவன் யார் என்று பார்க்க ஒவ்வொருவரையும் கட்டிக் காட்டச் சொன்னார். குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து வொந்திராத் வேண்டுமென்றே தப்பாகக் கட்டினார். சுமை வயிற்றுக்கு அடியில் புரண்டது, மிருகம் மிரண்டு கேப்டனை உதைத்தது. தண்டனையாக அந்தப் பிரிவிலேயே போட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் அங்கேதான் இருந்தார், இதைவிடச் சரியான இடம் அவருக்குக் கிடைத்திருக்காது என்பேன்.

அந்தப் பிரிவின் கொட்டடிக்குப் புல்லும் பார்லியும் கொண்டுவந்து விற்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? குர்முதான். வாரம் மூன்று நாள் ஆறு கழுதைகளோடு மலையேறி இறங்கி வாசலில் நிற்பார். லெப்டினண்ட் வொந்திராத் புல்லைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

"புல்லு சுமார்தான் கிழவா."

"ஐயா வாயில வச்சுப் பாத்தா தெரியும்ங்க."

காவல்காரன் சிரிப்பான். குர்முவும் தொப்பியைக் கழற்றித் தலை குனிவார். அந்தக் குனிவில் அவர் அடக்கிய சிரிப்பு எனக்குத் தெரியும், என் அறைச் சன்னலிலிருந்து கொட்டடி வாசலும் லாயத்தின் பின்புறமும் தெரியும். பிறகு இருவரும் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போவார்கள். புல்கட்டு நடுவில் தெவாபெச்சும் மாமியாரும் சுட்டனுப்பிய ரொட்டி இருக்கும். ஒரே தட்டில் வைத்து, அப்பா மகனுக்கு ஊட்டுவார், மகன் அப்பாவுக்கு ஊட்டுவார். நாடகம் இருவருக்குமே பிடித்திருந்தது. எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் அடித்த பக்கத்தில் தப்பு விழுந்தது.

லெப்டினண்ட் ஆனதும் பேரை மாற்றக் கேட்டு என் மேசைக்கு வந்தார். விதியைப் பார்த்துச் சொன்னேன். முதல் கையெழுத்துப் பொய் என்றால், போட்ட பலம்பராஸ் சிறைக்குப் போக வேண்டும். மாமன் காலம் முடியட்டும் என்று காத்திருந்தார். பலம்பராஸோ சாகிற வழியாக இல்லை. குதிரை செத்தது, இரண்டாவது குதிரையும் செத்தது, அவர் தொண்ணூற்றிரண்டு வரை இருந்து பேரரசரின் கடைசி வருஷத்தில் கண்ணை மூடினார். மறு வாரமே வொந்திராத் மனுவோடு வந்தார். நானும் ஆசையாக அடித்துக் கொடுத்தேன். அது மேலே போவதற்குள் பேரரசரையே கீழே இறக்கிவிட்டார்கள்.

என் தலைக்கு மேலே படம் மாறியது. ஆணி மட்டும் அதேதான். இப்போது எல்லோரும் தோழர்கள். ஆட்சி தெர்க் என்ற ராணுவக் குழுவின் கையில். பேரை மாற்றித் தர வேண்டிய நீதிமன்றம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் குர்மு படுத்துவிட்டார். கேப்டன் வொந்திராத் சகதியில் மலை தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது கிழவருக்கு நினைவு இருந்தது.

"மூட்டையை மாத்திட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி. இறக்கத்துல பாத்துக்கலாம்."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இதை என்னிடம் சொன்ன அன்று மேஜர் அழவில்லை. நான் அழுதேன்.

அடுத்த வருஷம் புது உத்தரவு வந்தது. அதிகாரிகள் எல்லோரும் மறுபடி வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும். அரச சேவை என்ற கட்டம் போய், வர்க்கப் பிறப்பு என்ற கட்டம் வந்திருந்தது. ஏழை மகனுக்குப் பதவி உயர்வு. அந்த வாரம் என் மேசை முன்னால் நின்றவர்களைப் பார்த்தால் நம் ராணுவத்தில் பணக்காரன் ஒருவன்கூட இருந்ததில்லை என்று தோன்றும். பட்டு அங்கி போட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் குத்தகைக்காரன் மகன்கள் ஆனார்கள். வொந்திராதின் பிரிவிலேயே இருந்த கேப்டன் லாக்கெவ் வந்தார். அவருடைய அப்பாவுக்கு ஒரு மலையிலிருந்து அடுத்த மலை வரை நிலம். கண் இமைக்காமல் சொன்னார்: "தகப்பன், கழுதைக்காரர். கொட்டடிக்குப் புல் சுமந்தவர்."

என் விரல் நின்றுவிட்டது. லாயத்துக்குப் பின்னால் நடந்ததை அவரும் பார்த்திருக்கிறார். ஒரு மனிதரின் அப்பாவைப் பட்டப்பகலில் இன்னொருவர் திருடிக்கொண்டு போவதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் அடித்தேன். அடிப்பதுதானே என் வேலை.

மறுநாள் வொந்திராத் வந்தார். இப்போதாவது சொல்லுங்கள், உண்மைக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றேன். கூடவே, நாக்குச் சும்மா இருக்காமல், "ஆனா இந்தப் பிரிவுல நீங்க ரெண்டாவது கழுதைக்காரர் மகன்" என்று லாக்கெவின் தாளைக் காட்டினேன்.

அவர் படித்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்கப்பா முதுகுல இவன் ஏறிட்டான். நானும் ஏறணுமா? அந்த மனுஷன் செத்தும் சுமக்கணுமா? பழையபடியே அடி."

"பலம்பராஸ்னு அடிச்சா உங்களை உள்ள வைப்பாங்க, காஷே."

"அடி தங்கச்சி."

விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. பிரபு வம்சமா என்று கேட்டார்கள். பட்டம் உண்டு, கோட்டை கிடையாது; குதிரை உண்டு, ஒரு கண் கிடையாது என்று இவர் சொல்லவும் குழுவே சிரித்துவிட்டதாம். சிரித்துவிட்டு, "பிரபுத்துவ மிச்சம்" என்று எழுதி வடக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். லாக்கெவ் தலைநகரத்தில் கர்னல் ஆனார்.

வடக்கில் நடந்ததை மேஜர் அதிகம் பேச மாட்டார். மனிதர்களின் கதை கேட்டால் கழுதைகளின் கதை சொல்லுவார். பேரரசர் காலத்தில் ஒரு கோவேறு கழுதைக்கு "அரசி" என்று பேர் வைத்திருந்தார். புது ஆட்சியில் அந்தப் பேர் கூடாது, "தோழி" என்று மாற்று என்று ஆணை வந்தது. மாற்றினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் எல்லோர் முன்னாலும் அதட்டலாகத் தோழி என்றும், அது நகராதபோது காதோரம் குனிந்து அரசி என்றும் கூப்பிட்டே வேலை வாங்கினார். "அதுக்கு இருந்த ரோஷம் எனக்கு இல்லாம போச்சே" என்பார்.

அங்கே ஒரு ருஷ்ய ஆலோசகர் இருந்தார். காலை வரிசையில் இவர் தாமதமாகப் பதில் சொல்வதைப் பார்த்து, குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது என்று முடிவு கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காது பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சீட்டு வந்தது. அதே ஆலோசகர் கொண்டுவந்த லாரிகள் பாறையில் ஏற முடியாமல் நின்றபோது, முகட்டில் நானூறு பேர் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். ஐந்து நாள் தொடர்ந்து, விடிகாலையும் அந்தியும், கோவேறு கழுதைகளில் தண்ணீர் ஏற்றிக் கொண்டுபோனவர் இவர். அன்று குர்மு கட்டுகிற மாதிரியே முடிச்சுப் போட்டார். ஒரு தோல்பைகூடப் புரளவில்லை. அதற்குத்தான் மேஜர் பட்டம்.

பிறகு அந்த ஆட்சியும் போனது. மலையிலிருந்து இறங்கிய போராளிகள் நகரத்துக்கு வந்தார்கள். ஆணியில் கொஞ்சநாள் படமே இல்லை. பழைய ராணுவம் கலைக்கப்பட்டது, அதிகாரிகளை முகாமில் வைத்தார்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் என்னை விடவில்லை. தட்டச்சுப் பொறியோடு முகாமுக்கே கூட்டிப்போனார்கள். மூன்றாவது வாழ்க்கைக் குறிப்பு. இந்தத் தடவை புதுக் கட்டம்: எந்த இனம், எந்த மொழி.

செருப்புக்கால் போராளி ஒருவர் பேர் வாசித்தார். "வொந்திராத் ஷிபெஷி." நிசப்தம். மறுபடி வாசித்தார். "அபேத்." கூட்டத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது ஆட்சி வந்தும் அந்த ஒரு கணத் தாமதம் மட்டும் மாறவில்லை.

அவர் என் மேசைக்கு வந்ததும் ரகசியமாகச் சொன்னேன்: குர்மு என்பது மலைக்கு அந்தப் பக்கத்து இனத்தின் பேர். இன்றைக்கு அந்தப் பேருக்கு மதிப்பு. அதை எழுதினால் முதல் அணியிலேயே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள்.

மேஜர் தலையை ஆட்டினார். "வேண்டாத காலத்துல ஒளிச்சு வச்சேன். வேணும்கிற காலத்துல வெளிய எடுத்துக் காட்டினா, நான் லாக்கெவை ஏச முடியாதே. எங்கப்பா பேரைச் சொல்றதுன்னா ஒண்ணும் கிடைக்காத நாளாப் பாத்துச் சொல்லணும், யெஷி."

பிடிவாதத்துக்கு நாலு மாதம் கூடுதலாக முகாமில் கிடந்தார். தெவாபெச் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நீ அடிக்கிறவள்தானே, அவர் சொன்னால் என்ன, நீயாக மாற்றி அடித்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை.

வீடு திரும்பிய மேஜரை எங்கள் சாவுச் சங்கம் இழுத்துக்கொண்டது. பந்தல் துணி, பெஞ்சுகள், அண்டாக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கட்டி ஏற்றிய வண்டியிலிருந்து ஒரு கரண்டிகூட விழுந்ததில்லை. சங்கத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ஓய்வு பெற்ற கர்னல் லாக்கெவ். பூனையை எப்படிப் போட்டாலும் காலில்தான் விழும். முகாமில் மலைக்கு அந்தப் பக்கத்து உழவர் ஒருவருக்கு மகனாக இருந்துவிட்டு, இப்போது அவர் மறுபடியும் பெரிய நிலக்கிழாரின் மகன். தகப்பனார் படம் வரவேற்பறையில் தொங்குகிறது.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அதன் பிறகுதான் மேஜர் என் காப்பி மணத்துக்குள் வந்து நின்று, நாலாவது ஒன்று எழுது என்றார்.

"இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்றேன்.

"எங்கப்பா பேரால இன்னிக்கு எனக்கு ஒண்ணும் கிடைக்காது. பதவி இல்ல, விடுதலை இல்ல. இதுதான் நாள். என் பிள்ளைங்க பேருக்குப் பின்னால என் பேருதான் இருக்கு, அவங்களுக்குப் பொய் ஒட்டல. எனக்குத்தான் பாக்கி. நான் போன பிறகு நீ வாசிச்சா எனக்குக் கேக்காது. இறக்கம் வந்தாச்சு தங்கச்சி. மாத்திடு."

மூன்று சுற்றுக் காப்பியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எழுதினேன். ஒரே பக்கம். ஆனால் சங்கத்தின் விதிப்படி வாசிக்கப்போகும் குறிப்பைத் தலைவரிடம் காட்ட வேண்டும். கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

சங்கப் பதிவேட்டில் ஷிபெஷி என்று இருக்கிறது, இதில் குர்மு என்று இருக்கிறது, இது வேறு ஆள் என்றார். வேறு ஆளுக்குச் சங்கம் பந்தல் போடாது. இதை வாசித்தால், நாளை வொந்திராத் உண்மையிலேயே இறக்கும்போது சங்கம் வராது. நிதானமாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் சங்கம் வராத சாவு என்றால் நாய்கூட எட்டிப் பார்க்காத சாவு. இருநூற்றுப் பதினேழு பேருக்குப் பந்தல் கட்டிய மனிதருக்குப் பந்தல் இல்லையா?

நான் நாக்கில் நயம் உள்ளவள் இல்லை. என்றாலும் அன்று குரலை உயர்த்தவில்லை.

"கர்னல், உங்க குறிப்பையும் ஒருநாள் நான்தானே வாசிக்கணும்? மூணு அடிச்சிருக்கேன். மூணுல உங்களுக்கு மூணு அப்பா. எதை வாசிக்கட்டும், இப்பவே சொல்லிடுங்க."

அவர் முகம் சிவக்கும், கத்துவார், என்னை எழுத்தர் வேலையிலிருந்து தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போகத் தயாராகப் பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்தக் கிழவர் ஒருநாள் எனக்கும் ஊட்டினாரு" என்றார். "லாயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு இருந்தேன். பாத்துட்டாரு. வா தம்பின்னு கூப்பிட்டு ஒரு வாய் ரொட்டி. எங்கப்பா பெரிய மனுஷன். ஒருநாளும் என்னோட ஒரே தட்டுல சாப்பிட்டதில்ல. அந்தக் கட்டத்துல யார் பேரைப் போடன்னு நீ கேட்டப்போ, எனக்கு வாயில வந்தது அவருதான்."

அறுபது வருஷத்தில் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது அந்த ஒரு நாள்தான். அதற்குள் அவர் பதிவேட்டைத் திறந்து, தன் பேனாவாலேயே ஷிபெஷியை அடித்துவிட்டுக் குர்மு என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். பேரரசரும் தெர்க்கும் போராளிகளும் செய்யாததைச் சாவுச் சங்கம் ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் மேஜர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். பந்தலை அவரே கட்டியிருந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. தெவாபெச் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டே இரண்டு ஆட்டைச் சமைத்திருந்தாள். செத்தவன் வீட்டில் பெண்சாதி அழுதால் போதும், இந்த வீட்டில் சமைக்கவும் வேண்டியிருக்கிறது என்றாள். பாதிரியார் ஆசீர்வதித்தார். இஞ்செரா அப்பமும் குழம்பும் சுற்றி வந்தன, வீட்டுக் கள் வழிந்தது. சாகாத மனிதரின் திவசத்தில் யாருக்கும் துக்கம் நினைவில்லை. ஒருவர் மேஜரிடமே வந்து, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டார்.

முன்வரிசை நாற்காலியில் பழைய சீருடையில் மேஜர். தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. இரண்டு நாற்காலி தள்ளிக் கர்னல்.

நான் எழுந்து நின்று தாளைப் பிரித்தேன். பேச்சு அடங்கியது. இருநூற்றுப் பதினேழு முறை வாசித்த அதே குரலில்தான், கனைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"சுலுல்தாவில் பிறந்தவரும், கழுதைக்காரரின் மகனும், கோவேறு கழுதைப் பிரிவின் மேஜருமான வொந்திராத் குர்மு…"

"அபேத்!"

நான் இன்னும் அந்தப் பேரை முடித்திருக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேஜர் நிமிர்ந்து நின்றார், குதிகால் சேர்த்து, கை விரைப்பாக. எண்பத்துநாலு வயசுக் கிழவரின் குரல் இல்லை அது. தெருக்கோடியில் போன வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

தெவாபெச்தான் முதலில் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. செத்தவங்க பதில் சொல்லக் கூடாது."

அவர் உட்காரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னொரு தடவை கூப்பிடு."

கூப்பிட்டேன்.